சாவி யார் கையில் இருக்க வேண்டும்?

செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

வயது 36. ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர். தந்தை அதே சங்கத்தில் பணியில் இருக்கும்போதே இறந்துவிட, கருணை அடிப்படையில் கிடைத்த வேலை இது. அன்றைக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்து இவருக்கு வேலை வாங்கித் தந்தவர் இப்போதைய செயலாளர். சங்கத்தின் நகைப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று செயலாளரிடம், மற்றொன்று இவரிடம் இருக்க வேண்டும். மகனைப் பள்ளியிலிருந்து அழைத்து வர மாலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருப்பதால், இரண்டு ஆண்டுகளாகத் தன் சாவியையும் செயலாளரிடமே கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

கடந்த மார்ச் இறுதியில் இருப்புச் சரிபார்ப்பின்போது 412 நகைப் பொட்டலங்களில் 7 இல்லை. "அவசரத்துக்கு வெளியே வைத்திருக்கிறேன், ஆடிக்குள் வந்துவிடும். கையெழுத்துப் போடும்மா" என்றாராம் செயலாளர். போட்டுவிட்டார். ஆடி போய்க் கார்த்திகையும் வந்துவிட்டது. நவம்பர் 14-ஆம் தேதி கூட்டுறவு வார விழாவில் ஏழு வண்ணக் கொடி ஏற்றி, கூட்டுறவுக் கொள்கைகள் ஏழும் எழுதிய பலகையின் கீழே நின்று எல்லோரும் உறுதிமொழி எடுத்திருக்கிறார்கள். உறுதிமொழியைச் சத்தமாக வாசித்தவர் செயலாளர். மறுநாளே, டிசம்பர் சரிபார்ப்புக்கும் கையெழுத்து வேண்டும் என்று இவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

"பலகையில் எழுதிய கொள்கையெல்லாம் சுவருக்குத்தானே ஐயா? அதற்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? எனக்குச் சோறு போட்டவரைக் காட்டிக் கொடுப்பதா, அல்லது வேலையை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது ஏழு பொட்டலம் அல்ல. நடுவில் நான்கு வரியில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன ஒரு சம்பவம். கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு பாட்டி நகையை மீட்க வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த ரசீதையும் ரப்பர் பேண்ட் போட்ட பணத்தையும் உங்கள் மேசைமேல் வைத்திருக்கிறார். அவருடைய சங்கிலி பெட்டகத்தில் இல்லை. "கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, வெள்ளிக்கிழமை வா ஆத்தா" என்று செயலாளர் சொல்ல, அவர் பணத்தை எண்ணி மறுபடியும் முடிந்துகொண்டு வெயிலில் நடந்தே திரும்பிப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை சங்கிலி வந்துவிட்டது. "அதனால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் மற்றக் கேள்விகளுக்கான பதிலும் அங்கேதான் தொடங்குகிறது.

வெள்ளிக்கிழமை வரை அந்தச் சங்கிலி எங்கே இருந்தது? பெரும்பாலும் வேறொரு அடகுக் கடையில், வேறொருவர் பெயரில் இருந்திருக்கும். அதை மீட்க இன்னொருவர் நகை அங்கே போயிருக்கும். ஏழு என்ற எண் மாறாமல் இருக்கலாம். அந்த ஏழில் இருக்கும் நகைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளாகச் சாவி இரண்டும் ஒரே கையில் இருந்ததை நினைத்தால், ஏழோடு நிற்கிறதா என்பதையே நான் உறுதியாக நம்பமாட்டேன். 2021-இல் ஐந்து பவுன் வரையிலான நகைக் கடன் தள்ளுபடிக்காகத் தமிழ்நாடு முழுவதும் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தபோது, சில சங்கங்களில் போலி நகைகளும் நகையே இல்லாத பொட்டலங்களும் வெளியே வந்ததை நீங்களும் அறிவீர்கள்.

"திருப்பி வைத்துவிட்டால் குற்றம் இல்லை" என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடு சொல்லியிருப்பார், ஆனால் தவறு. இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு, நேர்மையற்ற கையாடல் சிறிது காலத்துக்கு மட்டும் என்றாலும் கையாடலே என்று விளக்கமாகவே சொல்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதே விளக்கம் இருந்தது. ஒப்படைக்கப்பட்ட பொருளில் ஊழியர் ஒருவர் இப்படிச் செய்தால் 316-ஆம் பிரிவின்கீழ் நம்பிக்கை மோசடி. ஏழு ஆண்டு வரை சிறை. பொது ஊழியர் என்ற நிலையில் செய்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகும். அரசின் நிதியுதவி பெறும் வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளரை ஊழல் தடுப்புச் சட்டம் பொது ஊழியராகவே கருதுகிறது.

பலகையும் பெட்டகமும்

கொள்கைகள் சுவருக்குத்தானே என்று கேட்டீர்கள். பலகையை மட்டும் பார்த்தால் உங்கள் சலிப்பு நியாயமானது. அங்கே எழுதியிருக்கும் ஏழு கொள்கைகளும் அனைத்துலகக் கூட்டுறவுக் கூட்டணி 1995-இல் இன்றைய வடிவில் ஏற்றுக்கொண்டவை. அவற்றோடு நேர்மை, ஒளிவின்மை, சமூகப் பொறுப்பு, பிறர் நலனில் அக்கறை என்ற விழுமியங்களையும் சேர்த்துச் சொன்னார்கள். படிக்கும்போது சிறு வயதில் எழுதிய நன்னெறிக் கட்டுரை போலத்தான் இருக்கும்.

ஆனால் இவை எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து ஒரு சிறிய கடை திறந்தார்கள். அன்றைய கடைகளில் மாவில் கலப்படம், எடையில் மோசடி. "கலப்படம் இல்லாத சரக்கு, சரியான எடை" என்பதை இவர்கள் தங்கள் விதியாக வைத்துக்கொண்டார்கள். உலகக் கூட்டுறவு இயக்கம் ஒரு தராசுத் தட்டிலிருந்து தொடங்கியது என்றால் மிகையில்லை. நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1904-இல் வந்தது. அந்த ஆண்டே திருவள்ளூருக்கு அருகில் திரூரில் சங்கம் பதிவானது. வட்டிக் கடையில் ஏமாந்த விவசாயி, தானே உறுப்பினராக இருக்கும் இடத்தில் கடன் வாங்கட்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

ஒரு நிறுவனம் எதை உண்மையில் மதிக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் நான் பலகையைப் படிப்பதில்லை, நடைமுறையைப் பார்ப்பேன். உங்கள் சங்கத்தில் நேர்மை என்ற சொல் இரண்டு சாவியாக வடிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் மட்டும் திறக்க முடியாது என்ற ஏற்பாடுதான் அந்த விழுமியம். ஒளிவின்மை என்பது இருப்புச் சரிபார்ப்பில் இரண்டாவது கையெழுத்து. அந்தச் சாவியும் அந்தக் கையெழுத்தும் உங்களுடையவை. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. மகனை அழைத்து வரக் கிளம்பிய அந்த மாலைகளில் நீங்கள் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போனது அதைத்தான்.

சட்ட மதிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலகையைக் காட்டி வழக்குப் போட முடியாது, உண்மைதான். ஆனால் கூட்டுறவுச் சங்கங்களின் தன்னாட்சி, மக்களாட்சிக் கட்டுப்பாடு, தொழில்முறை நிர்வாகம் ஆகியவற்றை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 43பி பிரிவு சொல்கிறது. அந்த நோக்கத்தைக் காக்கும் பற்கள் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் இருக்கின்றன: 80-ஆம் பிரிவில் தணிக்கை, 81-இல் விசாரணை, 82-இல் ஆய்வு, 87-இல் இழப்பை ஈடுகட்டும் தண்டத்தீர்வை. இந்தக் கடைசிப் பிரிவை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

"அவர் சொல்லித்தான் போட்டேன்"

87-ஆம் பிரிவு பணத்தைத் தின்றவரை மட்டும் பிடிப்பதில்லை. தெரிந்தே காட்டிய அலட்சியத்தால் சங்கத்துக்கு இழப்பு ஏற்படுத்தியவரிடமும் வசூலிக்க இடம் தருகிறது. 412 பொட்டலமும் இருப்பதாக மார்ச்சில் நீங்கள் இட்ட கையெழுத்து அந்த வகையில் வரக்கூடியது. மேலதிகாரி சொன்னார் என்பது உங்கள் மனநிலையை விளக்கும், பொறுப்பைத் துடைக்காது. கணக்கில் பொய்ப் பதிவு செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 344-ஆம் பிரிவில் தனிக் குற்றம். அதற்கு ஏமாற்றும் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். மார்ச்சில் அந்த நோக்கம் உங்களுக்கு இல்லை என்று என்னால் வாதாட முடியும். எல்லாம் தெரிந்த பிறகு டிசம்பரிலும் கையெழுத்திட்டால் அந்த வாதம் என் கையிலிருந்தும் போய்விடும்.

ராஜினாமா செய்தால் தப்பிக்கலாம் என்பதும் தவறான நம்பிக்கை. அந்தப் பிரிவு இப்போதைய ஊழியரையும் முன்னாள் ஊழியரையும் ஒன்றாகவே பார்க்கிறது. நீங்கள் போன மறுநாள், "பொட்டலங்கள் அந்தம்மா பொறுப்பில் இருந்தன" என்று எவரும் சொல்லலாம். பதில் சொல்ல நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள்.

யாருடைய சோறு

செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லை மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தந்தையை இழந்த பெண்ணுக்காகத் தாலுகா தாலுகாவாக அலைந்த ஒருவர் உங்களுக்கு நல்லது செய்தவர்தான். நன்றி இருக்கட்டும், இருக்க வேண்டும். ஆனால் உங்கள் சம்பளம் அவர் பையிலிருந்து வரவில்லை. மழை நம்பி விதைக்கும் உறுப்பினர்கள் நகையை வைத்து வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டியிலிருந்து வருகிறது. அந்தப் பாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பணத்தில் அந்த வட்டியும் இருந்தது. செஞ்சோறு அவருடையது, சகோதரி.

சாவியைத் திருப்பிக் கேட்டால் அவரை அவமதித்ததாகிவிடும் என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கிறது. நம் மண்ணின் பழைய வழக்கம் இதற்கு நேர் எதிரானது. செட்டியார்கள் கடல் கடந்து கொண்டுவிற்கப் போன காலத்தில் ரங்கூனிலும் பினாங்கிலும், அவர்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியின் நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியடி, அதாவது பணப்பெட்டி வைத்து உட்காரும் இடம். மூன்றாண்டுத் தவணைக்குப் போகும் மேலாள் என்ற முகவர், முதலாளியின் விலாசத்தில், அதாவது தொழில் பெயரில், கையெழுத்திடுவார். கடல் கடந்து போடப்பட்ட அந்தக் கையெழுத்து காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருந்த முதலாளியைக் கட்டுப்படுத்தும். அவ்வளவு நம்பிக்கை. ஆனால் அதே நம்பிக்கைக்குரியவர்தான் கணக்கை ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) நேராக வேண்டும். உறவினராக இருந்தாலும் சம்பள ஆளாக இருந்தாலும் அதே விதி. கணக்குக் கேட்டதற்காக எவரும் முகம் சுளித்ததாக நான் பெரியவர்களிடம் கேட்டதில்லை. லாபத்தில் கோயிலுக்கும் அறத்துக்கும் ஒதுக்கிய மகமையும் பேரேட்டில் ஒரு கணக்காக ஏறியது. தர்மத்தைக்கூட எழுதித்தான் வைத்தார்கள். அந்தத் தொழிலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு கடனுக்காகச் செட்டியார்கள் கைக்கு வந்தது, அங்கே விவசாயிகள் நிலமிழந்தார்கள். அதை மறைத்துப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. கணக்குப் பார்ப்பது அவமரியாதை அல்ல என்ற ஒரு பாடத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

என்னுடைய வழக்கறிஞர் தொழிலிலும் இதே இழுபறி உண்டு. கட்சிக்காரருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும். ஆனால் அவருடைய வெறும் ஊதுகுழலாக இருக்கக்கூடாது, முறைகேடான வழியைத்தான் கையாள வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்காக ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் மன்ற விதி சொல்கிறது. அப்படி இரண்டு முறை வழக்குக் கட்டுகளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் எனக்கு முதல் வழக்குத் தந்தவரின் மகன். இன்றும் அவர் வீட்டு விசேஷத்துக்கு எனக்கு அழைப்பு வருவதில்லை. வலிக்காது என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

இருக்கும் வழிகள்

முதலாவது, அவரிடம் தனியாகப் பேசிப் பொங்கல் வரை அவகாசம் கொடுப்பது. உங்கள் மனம் இதைத்தான் விரும்புகிறது. நான் வேண்டாம் என்கிறேன். அந்த ஒரு மாதத்தில் ஏழு நகைகள் வேறு ஏழு நகைகளால் நிரப்பப்படும், நீங்கள் தெரிந்தே காத்திருந்தவர் ஆவீர்கள்.

இரண்டாவது, மொட்டைக் கடிதம். பெயரில்லாப் புகார்கள் பெரும்பாலும் கோப்பிலேயே முடங்கிவிடும். விசாரணை வந்தாலும், நான்கு பேர் வேலை செய்யும் சங்கத்தில் எழுதியது யார் என்று மாலைக்குள் தெரிந்துவிடும். பெயர் மறைந்த பயனும் இல்லை, முன்வந்து உண்மை சொன்னவர் என்ற மதிப்பும் இல்லை.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு ஆதாரம் திரட்டுவது. கூட்டுறவுச் சங்கங்கள் தாமாகவே அந்தச் சட்டத்தின்கீழ் வந்துவிடாது என்று 2013-இல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் உங்களுக்கு இது தேவையே இல்லாத சுற்றுவழி.

நான்காவது, பெயர் போட்டு, கையெழுத்திட்டு, உரிய அதிகாரிக்கு எழுதுவது. இதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது உண்மை; குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. நெடுஞ்சாலைப் பணியின் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தும் பெயர் கசிந்து, 2003-இல் கயாவில் கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சியில் பிறந்த சட்டம் இன்னும் உறங்குவது எனக்குத் தீராத மனக்குறை. உங்கள் நிலை அவ்வளவு பயங்கரமானது என்று நான் நினைக்கவில்லை. இடமாற்றம், குறிப்பாணை, ஊரில் பேச்சு ஆகியவை வரலாம். பணி தொடர்பாகப் பாதகமான ஆணை வந்தால் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 153-ஆம் பிரிவில் சீராய்வு கேட்க வழி இருக்கிறது. இரண்டு மூன்று மாத வீட்டுச் செலவுக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

முதலில் வழக்கறிஞர். கட்டணம் என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அருகிலுள்ள நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எந்தக் கடிதமும் அவர் பார்த்த பிறகு போகட்டும், ஏனென்றால் மார்ச் கையெழுத்தையும் நீங்கள் அதில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால், முதல் விசாரணையிலேயே உங்கள் சொல் எடுபடாமல் போய்விடும்.

புகார் கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப் பதிவாளருக்கு. நகல் மண்டல இணைப் பதிவாளருக்கும், சங்கத்தில் தலைவரோ அரசு நியமித்த செயலாட்சியரோ யார் பொறுப்பில் இருக்கிறாரோ அவருக்கும். ஒப்புகை கிடைக்கும் விதத்தில் அஞ்சலில் அனுப்புங்கள். கடன் எண்கள், தேதிகள், யார் என்ன சொன்னார் என்பது மட்டும் போதும். செயலாளரின் குணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். பதிவேடுகளையோ பொட்டலங்களையோ வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அதுவே உங்கள்மேல் வழக்காகிவிடும். பக்க எண் போட்ட ஒரு நோட்டில் அன்றன்று நடந்ததை உங்கள் கையால் எழுதிவாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கும் எதுவும் அனுப்ப வேண்டாம். நகை வைத்தவர்கள் பெயர் வெளியே போனால் ஊரே சங்கத்தின் வாசலில் நிற்கும், குற்றமற்ற மற்ற ஊழியர்களும் அடிபடுவார்கள்.

டிசம்பர் சரிபார்ப்பில் கையெழுத்திடுவது, மறுப்பது என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நீங்களே ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து, சீட்டைப் பார்த்து, எடை போட்டு, கண்ணால் கண்டதை மட்டும் எழுதிக் கையெழுத்திடுங்கள். "இத்தனை பொட்டலங்கள் நேரில் பார்க்கப்பட்டன. கீழ்க்கண்ட கடன் எண்களுக்குரியவை பெட்டகத்தில் இல்லை." அதற்கு அனுமதிக்கவில்லை என்றால் பேனாவை மூடிவிட்டு, அனுமதிக்கப்படவில்லை என்பதை அன்றே துணைப் பதிவாளருக்கு எழுதுங்கள்.

புகார் அஞ்சலில் போன அன்றே சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். சண்டை வேண்டாம், விளக்கமும் வேண்டாம். "அண்ணே, என் சாவி என்கிட்டயே இருக்கட்டும்" என்பது போதும். சாவிப் பதிவேட்டில் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திடுங்கள். மாலையில் மகனைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஓர் ஆள் வேண்டும் இல்லையா? மாமியார் உடன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவே அவரிடம் கேட்டுவிடுங்கள்.